நாலு மணிக்கு மாமா கரண்ட் விடுவார்

ஒன்பது வயது வரை எங்கள் வீட்டு ஃபேனிலிருந்து வருவது பணகுடிக் காற்று என்று நம்பிக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் இப்போது அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருவருக்கும் கரண்ட் விடுகிற மாமா இருந்ததில்லை.

மாமா அம்மாவின் தம்பி. பணகுடிக்குப் பக்கத்தில் காற்றாலைகளைப் பராமரிக்கிற வேலை. நாங்கள் இருந்தது ஆவடி சேக்காட்டில், ஒரு வாடகை வீட்டின் மாடியில். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. குவார்ட்டர்ஸுக்கு எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் காத்திருந்தார்கள். லீவில் ரயிலேறி ஊருக்குப் போகும்போது, வள்ளியூர் தாண்டியதும் சன்னல் முழுக்கக் காற்றாலைகள் வரும். ஒன்று சுற்றும், அதற்குப் பக்கத்தில் இருப்பது சும்மா நிற்கும். அந்தப் பக்கத்துக்கே காற்று வீசுவது அவைதான் என்று நான் நினைத்திருந்தேன். அதில் என்ன தப்பு? பணகுடியில் பாவாடையைக் கையால் பிடித்துக்கொண்டுதான் தெருவில் நடக்க முடியும். ஆவடியில் கொடியில் போட்ட துணிகூட அசையாது. ஃபேன் வைத்த ஊருக்கும் வைக்காத ஊருக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கத்தானே செய்யும். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இடம் சும்மாதானே கிடக்கிறது, அங்கே ஒன்று வைக்கச் சொல்லுங்கள் என்று மாமாவிடம் கேட்டும் பார்த்தேன்.

வேறு யாராக இருந்தாலும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். மாமா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "ஏட்டி, ஃபேன் என்ன செய்யும்? கரண்டைத் தின்னுட்டுக் காத்தைக் குடுக்கும். இது காத்தைத் தின்னுட்டுக் கரண்டைக் குடுக்கும். அவ்வளவுதான்."

நான் யோசித்தேன். பணகுடிக் காற்றை அந்த இறக்கைகள் தின்கின்றன. அது கரண்டாகிக் கம்பி வழியே சேக்காட்டுக்கு வருகிறது. எங்கள் ஃபேன் அந்தக் கரண்டைத் தின்று திரும்பவும் காற்றாக வெளியே விடுகிறது. அப்படியென்றால் இது அதே காற்றுதானே என்று கேட்டேன். "அதே காத்துதான் மக்ளே, வேற எங்க போவும்" என்றார் மாமா. அன்று முதல் ஃபேனுக்கு நேர்கீழே மல்லாந்து படுத்து மூக்கை உறிஞ்சிப் பார்ப்பேன். சில நாள் பணகுடி வாசனைகூட வந்தது. அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. நெய்வேலிக் கரண்ட், மேட்டூர்க் கரண்ட் எல்லாம் ஒரே கம்பியில் கலந்துதான் வருகிறது, உன் தம்பி கரண்ட் மட்டும் தனிக் குழாயில் வருகிறதா என்று அம்மாவைச் சீண்டுவார். "கலந்து வந்தா என்ன, அதுல அவன் கரண்டும் இருக்குல்லா" என்பாள் அம்மா. தம்பியை விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை அவள்.

இப்படி நான் நிம்மதியாக இருந்துகொண்டிருந்தபோதுதான் சென்னைக்கும் தினசரி மின்வெட்டு வந்தது. எந்தப் பகுதிக்கு எந்த இரண்டு மணி நேரம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அம்மா அதைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தாள். அந்தக் கோடையில் எங்களுக்கு இரண்டிலிருந்து நாலு. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரமாகப் பார்த்துக் கொடுத்திருந்தார்கள். முதல் நாளே எனக்கு ஆத்திரமான ஆத்திரம். கரண்ட் விடுகிற மாமாவை ஊரில் வைத்துக்கொண்டு நாம் ஏன் இப்படி அவிய வேண்டும்? அம்மாவின் போனை எடுத்து, ஏன் நிறுத்தினீர்கள் என்று அவரிடமே கேட்டுவிட்டேன். காற்றாலைகளுக்கு அடியில் இருக்கிற பணகுடியிலேயே மின்வெட்டு எங்களைவிடப் பல மணி நேரம் அதிகம் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அவள் வாயே திறக்கவில்லை.

மாமா, அம்மாவிடம் கொடு என்றார். அம்மா அலமாரிக் கதவைப் பார்த்தபடி என்னவோ சொன்னாள். பிறகு போன் என் கைக்கே திரும்பி வந்தது.

"சரி மக்ளே, மேல ஏறித்தான் விடணும். ஏறுதேன். நீ லைன்லயே இரு."

ஏறினார். கோபுரத்தின் அடியில் இரும்புக் கதவு, அதைத் திறந்தால் உள்ளே இருட்டு, டார்ச் அடித்தால் தலைக்கு மேல் நட்டுக்குத்தலாகப் போகிற ஏணி. இடுப்பு பெல்ட்டைப் பக்கத்தில் ஓடுகிற கம்பியில் மாட்ட வேண்டும். டக்கென்று சத்தம் கேட்ட பிறகுதான் முதல் படியில் கால் வைக்க வேண்டும். வழியில் நின்று இளைப்பாறப் போட்டிருக்கிற இரும்புத் தட்டுகளில் முதல் தட்டில் நின்று மூச்சு வாங்கினார். இரண்டாம் தட்டில் தண்ணீர் குடித்தார். மூன்றாம் தட்டுக்கு மேலே ஒரு மூடி. அதைத் தள்ளிக்கொண்டு போனால் மினி பஸ் அளவுக்கு ஒரு பெட்டி. "உள்ள வந்துட்டேன் மக்ளே" என்றபோது நான் சேக்காட்டில் நின்றுகொண்டு தலையைக் குனிந்துகொண்டேன், மேலே இடித்துவிடும் என்று.

அந்தப் பெட்டிக்குள் இருப்பதை எல்லாம் அந்தக் கோடை முழுக்க, தினம் கொஞ்சமாகச் சொன்னார். இறக்கைகள் சுற்றுகிற தண்டு நிதானமாகத்தான் சுற்றும். அந்த வேகத்துக்குக் கரண்ட் வராது. அதனால் நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டி. ஒரு பக்கம் மெதுவாக வாங்கி, மறுபக்கம் தலைதெறிக்கிற வேகத்தில் கொடுக்கும். அந்த வேகம் ஜெனரேட்டருக்குள் போகும். அங்கே காந்தம் சுற்றச் சுற்ற, செம்புக் கம்பிச் சுருளில் கரண்ட் ஊறும். பெட்டிக்கு வெளியே உச்சியில் சின்னதாக ஒரு வால். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று அது சொல்ல, அத்தனை பெரிய பெட்டியும் மெல்லத் திரும்பிக் காற்றுக்கு முகம் கொடுக்கும். காற்று அளவுக்கு மீறி அடித்தால் இறக்கைகள் ஒருக்களித்துக்கொள்ளும், எல்லாம் தானே நின்றுவிடும். "காத்து கூடிட்டுன்னா அது பாட்டுக்கு அடங்கி இருந்துக்கிடும். உன்னைய மாதிரி மல்லுக்கு நிக்காது" என்பார்.

கடைசியில், "இந்தா, விட்டுட்டேன்" என்பார். ஃபேன் சுற்றும்.

மின்வாரியம் இரண்டு நிமிஷம் தாமதித்தால் மாமாவின் கையுறை கீழே விழுந்துவிடும். இறங்கி எடுத்துக்கொண்டு ஏறி வருவார். ஒரு நாள் அவர் இரண்டாம் தட்டில் இருக்கும்போதே ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பக்கத்துக் கோபுரத்து ஆள் முந்திக்கொண்டான் என்று கோபித்துக்கொண்டார். நானும் சேர்ந்து அந்த ஆளைத் திட்டினேன்.

எங்களுக்குக் கீழ் வீட்டில் மாவு அக்கா இருந்தார். இட்லி மாவு அரைத்து விற்பவர், இரண்டு கிரைண்டர் வைத்திருந்தார். நாலு மணி நெருங்கும்போது கீழேயிருந்து குரல் வரும். "இன்னா பாப்பா, உன் மாமா ஏறிட்டாரா? நான் ஸ்விச்ச போட்டுட்டுக் குந்தினுகீறேன்." நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு என்று நிலவரம் அறிவிப்பேன். தெருப் பிள்ளைகள் அண்ணாந்து கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அந்த இரண்டு மாதம் எனக்கு இருந்த மிதப்பு அதற்கப்புறம் எந்த வேலை கிடைத்தும் வந்ததில்லை.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. போனில் பேலன்ஸ் தீர்ந்துவிடும் என்று அப்பாவையே இரண்டு வார்த்தைக்கு மேல் பேச விடாத அம்மா, மாமாவோடு நான் பேசும்போது மட்டும் போனைப் பிடுங்கவே மாட்டாள். பக்கத்தில் நின்றுகொண்டு, "எத்தனாவது தட்டுன்னு கேளு, எல்லாம் பாத்து மாட்டினானான்னு கேளு" என்று எடுத்துவேறு கொடுப்பாள். அவளுக்கும் கரண்ட் மேல் ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

மே கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் திருநின்றவூரில் ஒரு கிரகப்பிரவேசம்; காலை இட்லிக்கு மாவு அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு பெரிய ஆர்டர் அக்காவுக்கு அதுதான் முதல் தடவை. அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் இரண்டு விசேஷத்துக்குச் சொல்வதாகவும் பேச்சு. காலையிலேயே அண்டா அண்டாவாக அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. மத்தியானம் அக்காவின் தம்பி ஆட்டோவோடு வந்தார். பட்டாபிராமில் ஜெனரேட்டர் வைத்த மில் இருக்கிறது, இப்போதே கொண்டுபோய் அரைத்துவிடலாம், எதற்கு வம்பு என்றார். அக்காவும் சரி என்று எழுந்துவிட்டார்.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. என் மாமா இருக்கும்போது பட்டாபிராமா? வேண்டவே வேண்டாம், நாலு மணிக்கு மாமா விடுவார், இன்றைக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே விடச் சொல்கிறேன் என்றேன். அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். "பாப்பாவே சொல்லிச்சில்ல, நீ கெளம்புடா. நாலுக்கு வந்துடும்" என்று தம்பியை அனுப்பிவிட்டார்.

மூன்றே முக்காலுக்குப் போன் போட்டேன். மாமா ஏறினார். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு, மூடி, பெட்டி. இந்தா, விட்டுட்டேன் என்றார். ஃபேன் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கையுறை விழுந்தது, எடுத்துக்கொண்டு வந்தார். டார்ச் விழுந்தது, அதையும் எடுத்துக்கொண்டு வந்தார். நாலேகால் ஆயிற்று. பெட்டிக்குள் என்னென்னவோ திருகிப் பார்த்தார். நாலரைக்கு, பொறவு பேசுதேன் மக்ளே என்று வைத்துவிட்டார்.

கீழே போய்ப் பார்த்தேன். அக்கா இரண்டு அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். உளுந்துத் தண்ணீரில் நுரை கட்ட ஆரம்பித்திருந்தது. அந்த வெயிலில் இன்னும் கொஞ்ச நேரம் போனால் அத்தனையும் புளித்து வீணாகிவிடும் என்பது எனக்கே தெரிந்தது. "இன்னா பாப்பா, உன் மாமா மேலயே தூங்கிட்டாரா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே உளுந்தில் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. என் பேச்சைக் கேட்டுத்தானே அக்கா ஆட்டோவைத் திருப்பி அனுப்பினார். மாடிக்கு ஓடி மறுபடியும் போன் போட்டேன்.

மாமாவின் குரல் வழக்கம்போல இல்லை. அங்கே உங்கள் பக்கத்தில் எங்கேயாவது ட்ரான்ஸ்பார்மர் போயிருக்கும், இங்கே இருந்துகொண்டு அதை ஒன்றும் செய்ய முடியாது என்றார். அப்படியானால் தினமும் ஏறினீர்களே, அது என்ன என்று கேட்டேன்.

"நீங்க ஏறவே இல்ல. பயந்துக்கிட்டுக் கீழயே உக்காந்துக்கிட்டு, ஏறுதேன் ஏறுதேன்னு பொய் சொல்றீங்க. பயந்தாங்கொள்ளி."

எங்கள் வகுப்பில் மனக்கணக்குச் சொல்ல எழுந்திருக்காதவனையும், கரப்பான் பூச்சிக்கு ஓடுகிறவளையும் அப்படித்தான் திட்டுவோம். வாய்க்கு வந்த வார்த்தை, சொல்லிவிட்டேன்.

"ஆமா மக்ளே" என்றார் மாமா. "ஏறல."

நான் ஜெயித்துவிட்ட மாதிரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அறைந்தாள். அதற்கு முன்னால் அம்மா என்னை அடித்ததே இல்லை. பாலைக் கொட்டினதற்கும், பரீட்சையில் கோட்டை விட்டதற்கும் அடிக்காதவள், பொய் சொன்ன மாமாவை விட்டுவிட்டு உண்மையைக் கண்டுபிடித்த என்னை அடித்தாள். போனை வாங்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கன்னம் எரிந்ததைவிட அந்த அநியாயம்தான் எனக்கு அதிகமாக எரிந்தது.

மாவு பிழைத்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா, அடுத்த தெரு ட்ரான்ஸ்பார்மர் கருகிப் போய் ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள், இன்றைக்கு வருகிற வழி இல்லை என்றார். ஆட்டோவைத் திரும்ப வரவழைத்து, அண்டாக்களை ஏற்றி, தானும் பின்னால் தொற்றிக்கொண்டு பட்டாபிராமுக்குப் போனார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அரைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அக்கா ஒரு கிண்ணம் மாவோடு மாடி ஏறி வந்தார். என் கன்னத்தைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"மாவு எங்க போவுது பாப்பா. கரண்டு வர்றது போறதுலாம் மன்சன் கைலயா கீது? பாவம், அந்தாள இன்னாத்துக்குத் திட்னே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா ஒரு நாளும் நம்பவில்லை. அப்பா நம்பவில்லை. அலமாரிக் கதவில் நேரத்தை ஒட்டி வைத்த அம்மா நம்பியிருக்கவே முடியாது. என்னை மட்டும் நடுவில் நிறுத்தி எல்லோரும் விளையாடியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் மாமாதான். இனி அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். அம்மா போனை நீட்டினால் பாத்ரூமுக்குள் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

போன வருஷம் நான் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் வண்டியைத் தொடவே பயமாக இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போய் வந்துகொண்டிருந்தேன். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அம்மா இதைச் சொன்னாள்.

அந்தக் கோடைக்கு முந்தைய கார்த்திகையில் மாமாவும் கூட வேலை செய்கிறவரும் ஏணியில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மூன்றாம் தட்டுக்குக் கொஞ்சம் கீழே, மேலே போய்க்கொண்டிருந்தவருக்குக் கால் வழுக்கிவிட்டது. பெல்ட் பிடித்துக்கொண்டது. ஆனால் பதற்றத்தில் அவரால் ஏணியைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. கீழேயிருந்து ஆட்கள் வந்து சேருகிற வரைக்கும் மாமா ஒரு கையால் ஏணியையும் ஒரு தோளால் அவருடைய கால்களையும் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டு பேருக்கும் பெரிய காயம் ஒன்றும் இல்லை. எல்லோரும் மாமாவைப் பாராட்டினார்கள். மறுநாள் முதல் அவரால் ஏற முடியவில்லை. பத்துப் படி தாண்டினால் முழங்கால் பூட்டிக்கொள்ளும், உள்ளங்கை வேர்த்து வழியும். இறங்கி வந்துவிடுவார். ஸ்டோரில் சாமான் எடுத்துக்கொடுக்கச் சொல்லிக் கீழேயே வைத்திருந்தார்கள். ஜூனில் காற்று சீசன் நன்றாகப் பிடித்துக்கொள்வதற்குள் ஏற ஆரம்பித்தால் பழைய வேலை, இல்லாவிட்டால் ஸ்டோர்தான் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் யாரோடும் பேச்சில்லை, சாப்பாடு சரியில்லை. அந்த நிலையில்தான் ஒன்பது வயதுக் கழுதை ஒன்று போன் போட்டு, ஏன் கரண்டை நிறுத்தினீர்கள் என்று அதட்டியிருக்கிறது. தினமும் மூன்றே முக்காலுக்கு மாமா போனோடு போய்க் கோபுரத்துக் கதவுப் படியில் உட்கார்ந்துகொள்வாராம். கண்ணை மூடிக்கொண்டு எனக்காக ஒவ்வொரு படியாக ஏறுவாராம். கார்த்திகைக்கு அப்புறம் அவர் ஏணியைப் பற்றி வாய் திறந்து பேசியது என்னிடம் மட்டும்தான். வாயால் ஏறுகிறான், ஒரு நாள் காலாலும் ஏறிவிடுவான் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். அதனால்தான் போனைப் பிடுங்காமல் நின்றிருக்கிறாள். அந்த மனிதரைத்தான் நான் பயந்தாங்கொள்ளி என்றேன். கீரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அன்று ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும். ஜூன் பிறந்து பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருந்தது. காலை பத்துப் பதினொன்று மணி இருக்கும், நான் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு ஓடி வந்து, நான் எழுந்து ஓடுவதற்குள் என் தோளை அமுக்கிப் பிடித்துப் போனை என் காதோடு வைத்து அழுத்தினாள்.

ஹோவென்ற ஒரே இரைச்சல். நடுவில் யாரோ தொண்டை கிழியக் கத்துகிற மாதிரி இருந்தது. மக்ளே என்பது மட்டும் ஒரு தடவை பிடிபட்டது. மற்றதெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

"கேக்குதா? கேக்குதாட்டி?" என்று அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அட்டைக்குத் தடவிய பசைவேறு காய்ந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் கேக்கலம்மா, வெறும் காத்துதான் வருது" என்று சொல்லிவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.